குழந்தைகளுக்கான அமைதித் திருவிழா: போலாமா வேணாமா?

ரெண்டு நாள் நடந்த குழந்தைகள் அமைதித் திருவிழாவுக்கு எங்க வீட்டுலேர்ந்து நாலு பேர் போயிட்டு வந்தோம். நான், எங்கம்மா, 9 வயசு மக, 5 வயசு பையன். செப்டம்பர் 21 சர்வதேச அமைதி நாள் இல்லையா, அத ஒட்டி வர்ற சனி ஞாயிறுல வச்சிருந்தாங்க. பல நாட்டுப் பிள்ளைங்க ஒண்ணா கூடுறாங்க, அவங்கவங்க ஆட்டம் பாட்டு மொழி வெளாட்டு எல்லாம் இருக்கும்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. இந்த மாதிரி விழாவுக்குப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாமான்னு யோசிக்கறவங்களுக்கு உதவுமேன்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன். எடுத்த எடுப்புல சொல்லிடறேன், போலாம், கண்டிப்பா போலாம், ஆனா ஸ்டேஜ நம்பிப் போகாதீங்க. விழாவோட உயிர் ஸ்டேஜ்ல இல்ல, ஓரமா இருந்த சின்னச் சின்ன டேபிள்ல இருந்துச்சு.

ஸ்டேஜ் கதைய மொதல்ல முடிச்சுடறேன். பத்து மணிக்குத் தொடக்கம்னு போட்டிருந்தாங்க, பதினொண்ணு பத்துக்குத்தான் ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் ஆட வேண்டிய பிள்ளைங்க எல்லாம் முழு மேக்கப்போட, கனமான ட்ரெஸ்ஸோட, வெயில்ல ஒரு ஷாமியானா கூட இல்லாம நின்னுட்டிருந்துச்சுங்க. ஒரு குட்டிப் பொண்ணு தலைல வச்சிருந்த அலங்காரத்த ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்குது, வலிக்குதுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அவங்கம்மா அதுகிட்ட கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம்னு சமாதானம் சொல்லிட்டே இருந்தாங்க. பெரியவங்க பேச்சு மட்டும் ஏழெட்டு. ஒவ்வொருத்தரும் குழந்தைகள்தான் நாளைய உலகம்னு பேசறாங்க, அந்தக் குழந்தைகள் கீழ நின்னு கால் மாத்தி கால் மாத்தி நிக்குதுங்க. நடத்தறவங்க இத ஒரு புகாராவே எடுத்துக்கணும், அடுத்த வருஷம் பிள்ளைங்கள உக்கார வைக்க நிழலும் தண்ணியும் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் பேச்சாளர் லிஸ்டே போடணும்.

டான்ஸ் ஆரம்பிச்ச பிறகும் நிமிஷத்துக்கு ஒருதரம் மைக்ல அமைதியா இருங்க அமைதியா இருங்கன்னு அதட்டல். மூணாவது தடவையோ நாலாவது தடவையோ எம்மக என் காதுகிட்ட வந்து கேட்டா, "ம்மா, அமைதித் திருவிழான்னா வாய மூடிட்டு உக்கார்ற திருவிழாவா?" நான் அப்படியே அவளப் பாத்தேன். ஏன்னா அவ கேட்டது நியாயம். நம்ம மொழில அமைதின்னா சத்தம் இல்லாததும் அதுதான், சண்டை இல்லாததும் அதுதான். பள்ளிக்கூடத்துல அவ அந்த வார்த்தைய கேக்கறது எப்பவுமே பேசாதேங்கற அர்த்தத்துலதான். ஒம்பது வயசுப் பிள்ளைக்கு அமைதின்னா தண்டனை மாதிரி ஒண்ணு. அந்தக் கேள்வி அன்னிக்கு முழுக்க என் கூடவே வந்துச்சு, ஒவ்வொரு டேபிளா போகும்போதும் இங்க இருக்கறது எந்த அமைதின்னு மனசு தானா பாக்க ஆரம்பிச்சுடுச்சு.

அதனால ஸ்டேஜ விட்டுட்டு எந்திரிச்சோம். மொதல்ல போனது சொல் டேபிள். அமைதிங்கற சொல் வேற வேற மொழில எப்படின்னு அட்டைல எழுதி வச்சிருந்தாங்க, சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்தாங்க. இது சும்மா போர்டு மாட்டி வைக்கற வேலையா இல்லாம நல்லாவே பண்ணியிருந்தாங்க. அரபில ஸலாம், எபிரேயத்துல ஷாலோம், ரெண்டும் ஒரே வேர்லேர்ந்து வந்தது, குறையில்லாம முழுசா இருக்கறதுங்கற பொருள் அதுல இருக்கு, ரெண்டு பேருமே பாத்துக்கிட்டா வணக்கம் சொல்றதும் அதே சொல்லாலதான். ரஷ்ய மொழில மிர்ங்கறது அமைதி, உலகத்துக்கும் அதே மிர். ஸ்வாஹிலில அமானி. எம்மக அந்த மிர் கிட்டயே நின்னுட்டா, "உலகமும் அமைதியும் ஒரே பேரா?"ன்னு ரெண்டு தடவ கேட்டா. நம்ம மொழிக்கு ஒரு அட்டை எழுதிக் குடுங்கன்னு அந்த டேபிள்ல இருந்தவரு கேட்டாரு, நான் அமைதின்னு எழுதப் போனேன், எங்கம்மா குறுக்க வந்து சமாதானம்னு எழுது, அதுலதான் ரெண்டு பேரு இருப்பாங்கன்னாங்க. ரெண்டையும் எழுதி வச்சுட்டு வந்தோம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச டேபிளுக்கு வரேன். உலக வெளாட்டுன்னு ஒரு பகுதி, தரைல பாய் விரிச்சு பலகைங்க வச்சிருந்தாங்க. தூரத்துலேர்ந்து பாத்ததுமே எங்கம்மா, "இது நம்ம பல்லாங்குழில்ல"ன்னு நடைய வேகமாக்கிட்டாங்க, முட்டி வலின்னு காலைலேர்ந்து சொல்லிட்டிருந்தவங்க. கிட்ட போய்ப் பாத்தா பல்லாங்குழி மாதிரியேதான், ஆனா பக்கத்துக்கு ஏழு குழி இல்ல, ஆறு. மொத்தம் பன்னெண்டு. அது ஓவாரே, கானா நாட்டு வெளாட்டுன்னு அங்க இருந்த வாலண்டியர் அக்கா சொன்னாங்க. ஆப்பிரிக்கால பல நாட்டுல, அரபு நாடுகள்ல, இந்தோனேஷியா பிலிப்பைன்ஸ் வரைக்கும் இந்தக் குழி வெளாட்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி நூத்துக்கணக்குல வகை இருக்காம். ஓவாரே கரீபியன் தீவுகளுக்கும் போயிருக்கு, எப்படிப் போச்சுன்னா அடிமையா கப்பல்ல ஏத்திக் கொண்டு போன மக்கள் கூடவே போயிருக்கு, ஆன்டிகுவா தீவுல அதுக்குப் பேரு வாரி. கையில ஒண்ணும் எடுத்துட்டுப் போக விடாத பயணத்துல அவங்க மனசுல வச்சு எடுத்துட்டுப் போன வெளாட்டு அது. அந்த அக்கா இத பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி நாலே வரில சொன்னாங்க, மூடி மறைக்கவும் இல்ல, பயமுறுத்தவும் இல்ல.

எம்மகளுக்கு எதுத்தாப்புல ஒரு பையன் உக்காந்தான், பத்து வயசு இருக்கும். அவன் பேசற மொழி எங்களுக்குத் தெரியாது, எங்க மொழி அவனுக்குத் தெரியாது. ஓவாரேல ஒவ்வொரு குழிலயும் நாலு நாலு கொட்டை போட்டுத்தான் ஆரம்பிக்கணும், பன்னெண்டு குழிக்கு நாப்பத்தெட்டு. அவன் ஒழுங்கா நாலு நாலா போட்டு முடிச்சான். எம்மக அதப் பாத்ததும் கத்துனா பாருங்க, "எல்லாமே பசு!" பல்லாங்குழி ஆடினவங்களுக்குத் தெரியும், ஒரு குழில நாலு சேந்தா அது பசு, அந்தக் குழிக்காரங்க எடுத்துக்கணும். எங்கம்மாகிட்ட பழகின பிள்ளை, விடுவாளா, தன் பக்கத்து ஆறு குழியையும் மடமடன்னு அள்ளிட்டா. அந்தப் பையன் அதிர்ந்து போயி தன் பக்கத்துக் கொட்டைய ரெண்டு கையையும் அகல விரிச்சு மூடிக்கிட்டான். இவ இவ மொழில சட்டம் பேசறா, அவன் அவன் மொழில சட்டம் பேசறான், ரெண்டு பேர் முகமும் செவந்து போச்சு. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல.

நான் எந்திரிச்சு தடுக்கப் போனேன். அந்த வாலண்டியர் அக்கா கைய காட்டி என்னை உக்கார சொன்னாங்க. அவங்களும் தலையிடல. ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும், எனக்கு ரெண்டு மணி நேரம் மாதிரி இருந்துச்சு. அப்பறம் அந்தப் பையன் மெதுவா ஒரு கைய எடுத்து, ஒரு கொட்டைய தூக்கிக் காட்டி, குழி குழியா போட்டுக் காமிச்சான், கடைசிக் கொட்டை இவ பக்கத்துக் குழில விழுந்து அங்க ரெண்டோ மூணோ ஆச்சுன்னா எடுத்துக்கலாம், நாலு ஆனா கிடையாதுன்னு தலைய ஆட்டி ஆட்டிக் காமிச்சான். இவ அள்ளின கொட்டையெல்லாம் திருப்பி நாலு நாலா போட்டா. பிறகு இவ காமிச்சா, காலிக் குழிய விரலால தொடச்சு அடுத்த குழில இருக்கறத அள்றது எப்படின்னு. அந்தத் தொடைக்கறது அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, காலியே இல்லாத குழிய எல்லாம் தொடச்சுப் பாத்து சிரிக்கறான். கடைசில விரல்ல ஒண்ணு ரெண்டுன்னு காட்டி முடிவு பண்ணாங்க, மொத ஆட்டம் அவன் சட்டம், ரெண்டாவது ஆட்டம் இவ சட்டம். நாப்பது நிமிஷம் ஆடினாங்க. சத்தமோ சத்தம். ஸ்டேஜ்லேர்ந்து அமைதியா இருங்கன்னு மைக் கத்துது, இங்க ரெண்டும் அதவிட கத்துதுங்க.

அந்த ஓவாரேல ஒரு சட்டம் இருக்கு, அத கேட்டதும் எங்கம்மா அசந்து போயிட்டாங்க. எதிராளி பக்கத்துல ஆறு குழியும் காலியா போச்சுன்னா, உங்க கைல இருக்கற ஆட்டத்துல எது அவங்க பக்கத்துக்குக் கொட்டைய கொண்டு போகுமோ அதத்தான் ஆடணும். அவங்கள பட்டினி போட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஆட முடியாது. "எத்தன வருஷமா ஆடறேன், தோத்தவளுக்குக் குழி தூந்துபோச்சுன்னு சிரிப்போமே தவிர திருப்பிக் குடுக்கணும்னு ஒரு சட்டம் இருந்ததில்லயே"ன்னு அம்மா அந்த அக்கா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த அக்காவுக்கு அம்மா பேசினது ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது, நான்தான் தட்டுத்தடுமாறி சொன்னேன். அப்பறம் அவங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போட்டாங்க. எங்கம்மா ஜெயிச்சாங்கன்னு வீட்டுக்கு வந்து நாலு பேருக்கு போன் போட்டு சொல்லியாச்சு.

இந்த ஒரு டேபிளுக்காகவே மொத்த விழாவுக்கும் நான் நல்ல மார்க் போடுவேன். ஆளுக்கு ஒரு கொடிய ஆட்டி நாங்கெல்லாம் ஒண்ணுன்னு பாடறத விட, சட்டமே வேற வேறயா இருக்கற ரெண்டு பிள்ளைங்க உக்காந்து எந்தச் சட்டத்துல ஆடறதுன்னு பேசி முடிக்கறது எனக்குப் பெருசா தெரியுது. அந்த அக்கா தலையிடாம விட்டாங்க பாருங்க, அது பயிற்சி எடுத்தவங்களாலதான் முடியும். நானா இருந்தா ரெண்டு தட்டு தட்டி எம்மகள இழுத்துட்டு வந்திருப்பேன், பிரச்சன அதோட முடிஞ்சிருக்கும், வெளாட்டும் முடிஞ்சிருக்கும்.

பக்கத்துலயே அஞ்சாங்கல்லும் இருந்துச்சு, கொரியால அதுக்கு கோங்கின்னு பேரு, அங்கயும் அஞ்சு கல்லுதான். நூல்ல விரல மாட்டிப் பின்னற வெளாட்டும் இருந்துச்சு. அதுல எல்லாம் கூட்டம் ஜாஸ்தி, எங்களுக்கு டர்ன் கிடைக்கல.

அடுத்தது சைகை மொழி டேபிள். காது கேக்காத ரெண்டு இளைஞர்கள் நடத்தினாங்க, கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். சைகைன்னா உலகம் பூரா ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன், எவ்வளவு தப்பு. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பேசற மொழி இங்கிலீஷ்தான், ஆனா அவங்க சைகை மொழி வேற வேற, ஒருத்தருக்கு இன்னொருத்தரோடது புரியாது. எழுத்துக் காட்டறதுக்கு இங்கிலாந்துல ரெண்டு கை வேணும், அமெரிக்கால ஒரு கை போதும். அமெரிக்க சைகை மொழிக்கு பிரெஞ்சு சைகை மொழிதான் சொந்தக்காரன், ஏன்னா 1817ல அமெரிக்கால பள்ளிக்கூடம் தொடங்கறப்ப பிரான்ஸ்லேர்ந்து காது கேக்காத ஒரு ஆசிரியர் வந்துதான் சொல்லிக் குடுத்திருக்காரு. செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் நாளாம், அமைதி நாளுக்கு ரெண்டே நாள் கழிச்சு, அதனால இந்த டேபிள் இங்க இருக்கறது ரொம்பப் பொருத்தம். அந்த டேபிள சுத்தி முப்பது பிள்ளைங்க, ஒரு சத்தம் இல்ல, ஆனா அத்தனை பேச்சு நடக்குது. கைதட்டறதுக்குப் பதிலா ரெண்டு கையையும் மேல தூக்கி விரல விரிச்சு ஆட்டணும்னு எம்பையன் அங்க கத்துக்கிட்டான். சாயந்திரம் ஸ்டேஜ்ல ஒரு டான்ஸ் முடிஞ்சப்ப எல்லாரும் தட்டறாங்க, இவன் மட்டும் நாற்காலி மேல ஏறி நின்னு கைய ஆட்டறான், தூரத்துல அந்த டேபிள்ல இருந்த ஒருத்தர் இவனப் பாத்துட்டு அதே மாதிரி ஆட்டினாரு.

காகிதக் கொக்கு டேபிள் பத்தி ரெண்டு மனசா எழுதறேன். அமைதி விழான்னா கொக்கு இருக்கும், அதுக்குப் பின்னாடி ஹிரோஷிமா சடாகோ சசாகி கதை இருக்கும். 1945ல அணுகுண்டு விழுந்தப்ப அவளுக்கு ரெண்டு வயசு, பத்து வருஷம் கழிச்சு ரத்தப் புற்றுநோய் வந்து 1955 அக்டோபர்ல பன்னெண்டு வயசுல போயிட்டா, ஆயிரம் கொக்கு மடிச்சா ஆசை நிறைவேறும்னு ஆஸ்பத்திரில மருந்து சுத்தி வர்ற காகிதத்துல எல்லாம் மடிச்சா. நெறைய பேரு சொல்ற கதைல அவ 644 மடிச்சதும் இறந்துட்டா, மீதிய கூடப் படிச்சவங்க மடிச்சாங்கன்னு வரும். நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். இங்க மடிக்க சொல்லிக் குடுத்த பெரியவரு அது நிஜம் இல்ல, அவ ஆயிரத்தையும் தாண்டி மடிச்சான்னு தெளிவா சொன்னாரு, ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமே அப்படித்தான் சொல்லுது. ஒடனே எம்மக கேட்டா, "ஆயிரம் மடிச்சா ஆசை நிறைவேறும்னாங்க, அப்பறம் ஏன் செத்துப் போனா?" எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அந்தப் பெரியவரு கொஞ்சம் கூடத் தயங்கல. கொக்கு நோயக் குணமாக்காதும்மா, அவளுக்கும் அது தெரிஞ்சிருக்கும், ஆனா அவ போன பிறகு கூடப் படிச்ச பிள்ளைங்க சும்மா இருக்கல, நாடு பூரா பள்ளிக்கூடங்களுக்கு எழுதி காசு சேத்தாங்க, மூவாயிரத்துக்கு மேல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க குடுத்தாங்க, 1958 மே 5ல அவ நினைவா ஹிரோஷிமால ஒரு சிலைய வச்சாங்க, இன்னிக்கும் வருஷத்துக்கு ஒரு கோடி கொக்கு அங்க வருதுன்னாரு. ஒரு குழந்தைகிட்ட பொய் சொல்லாம இருக்கறதுக்கு எவ்வளவு மரியாதை வேணும் பாருங்க. எம்மக அதுக்கப்பறம் பேசாம உக்காந்து மூணு கொக்கு மடிச்சா. பட்டம் மாதிரி வர்ற இடத்துல ஒரு ஏட்ட மேல தூக்கி ரெண்டு ஓரத்தையும் உள்ள அமுக்கற மடிப்பு இருக்கே, அங்கதான் எல்லாப் பிள்ளையும் திணறுது, அதுக்குன்னே அதுவரைக்கும் மடிச்ச காகிதமும் ஒரு கட்டு வச்சிருந்தாங்க. அஞ்சு வயசுக்காரனுக்குக் கொக்கு வராது, அவனுக்கு நாய் மூஞ்சி சொல்லிக் குடுத்து கண்ணு மூக்கு வரைய விட்டாங்க.

இன்னொரு மனசு என்னன்னா, அந்த டேபிளுக்கு நேர் பின்னாடி சுவத்துல போர்ப் படங்கள் மாட்டியிருந்தாங்க. இடிஞ்ச ஊரு, காயம்பட்ட ஜனங்க. பெரிய பிள்ளைங்களுக்கு அது தேவைதான், நான் மறுக்கல. ஆனா அது சின்னக் குழந்தைங்க பொம்மை வச்சு ஆடற இடத்துலேர்ந்து பத்தடி கூட இல்ல, மறைப்பு இல்ல, வயசு போட்ட போர்டு இல்ல. எம்பையன் நாய் மூஞ்சிக்குக் கண்ணு வரைஞ்சுக்கிட்டே தலைய தூக்கினா கண்ணு முன்னாடி அதுதான். அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு, "நம்ம வீடு இடியாதுல்ல"ன்னு கேட்டான். பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டேன். காலைல விழா நடத்தறவங்களுக்கு மெயில் போட்டேன், ஒரு வாரம் ஆச்சு, பதில் வரல. ஒரு திரையும் பத்து வயசுக்கு மேலன்னு ஒரு போர்டும் வைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது. இது எனக்கு நெஜமாவே வருத்தம், மத்ததெல்லாம் இவ்வளவு யோசிச்சுப் பண்ணவங்க இத எப்படி விட்டாங்கன்னு தெரியல.

ஏன் யோசிச்சுப் பண்ணவங்கன்னு சொல்றேன்னா, எம்பையன் ஒரு பத்து நிமிஷம் காணாமப் போயிட்டான். என் கை கால் எல்லாம் ஆடிப்போச்சு. உள்ள நுழையறப்பவே கைல பட்டை கட்டி நம்பர் போட்டு, அதே நம்பர் டோக்கன எங்கிட்ட குடுத்திருந்தாங்க. வாலண்டியர்கிட்ட சொன்ன ஒடனே அவங்க மைக்ல பிள்ளை பேர சொல்லி அறிவிக்கல, பேரத் தெரிஞ்சுக்கிட்டு யாராவது கூப்பிட்டுட்டா என்ன பண்றது, அதனால அப்படிச் செய்யறதில்லைன்னாங்க. நம்பர மட்டும் அவங்களுக்குள்ள வாக்கிடாக்கில சொன்னாங்க. ரெண்டு வாசல்லயும் ஆள் நின்னுட்டாங்க. அமைதி அறைன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைங்களுக்காக, ஆட்டிசம் உள்ள குழந்தைங்க நெறைய பேருக்கு இது பெரிய உதவி. மங்கலான வெளிச்சம், மெத்தை, சத்தம் அடைக்கற ஹெட்போன். அங்க மெத்தைல உருண்டுட்டு இருந்தான். டோக்கன் நம்பரையும் கைப்பட்டையையும் ஒத்துப் பாத்த பிறகுதான் எங்கிட்ட விட்டாங்க, அவன் என்னப் பாத்து அம்மான்னு கத்திட்டு ஓடி வந்தும் கூட அந்தச் சரிபார்ப்ப முடிச்சாங்க. அந்த நிமிஷம் எரிச்சலா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து யோசிச்சா கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு. அந்த அறைய நடத்தின பொண்ணு, ஸ்டேஜ் சத்தத்துல காலைலேர்ந்து இருபது பிள்ளைங்களுக்கு மேல இங்க வந்துட்டாங்கன்னு சொன்னா. மைக் வால்யூம கொறைங்கப்பா.

பாஸ்போர்ட் விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. பிள்ளைங்களுக்கு ஒரு குட்டி பாஸ்போர்ட் புக் குடுத்து ஒவ்வொரு நாட்டு ஸ்டாலுக்கும் போனா ஒரு முத்திரை. கேக்க நல்லாருக்கு, நடந்தது என்னன்னா பிள்ளைங்க ஓட்டப்பந்தயம் மாதிரி ஸ்டால் ஸ்டாலா ஓடி புக்க நீட்டி முத்திரை வாங்கிட்டு அடுத்ததுக்கு ஓடுதுங்க. ஒரு ஸ்டால்ல ஒரு பாட்டி தறில கயிறு நெய்து காட்ட அத்தன ஆசையா உக்காந்திருந்தாங்க, அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நாலு புக்கு நீளுது. ஏதாவது ஒண்ணு செஞ்சு முடிச்சாத்தான் முத்திரைன்னு வச்சிருந்தா போதும். ட்ரெஸ் போட்டு போட்டோ எடுக்கற ஸ்டாலும் அப்படித்தான், இறகு வச்ச தலைப்பாகைய எல்லாரும் மாட்டிப் போட்டோ எடுத்தாங்க. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள்ல சில இனங்கள்ல அது ஒருத்தர் செஞ்ச செயலுக்காக, மரியாதையா குடுக்கறது, வெளாட்டுப் பொருள் இல்ல. மத்தவங்க பண்பாட்ட மதிக்க சொல்லித் தர்ற விழாவுலயே இது நடக்கறது சங்கடமா இருந்துச்சு, நான் எம்பிள்ளைங்கள அங்க நிக்க விடல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சரியா பன்னெண்டு மணிக்கு ஒரு மணி அடிச்சு ஒரு நிமிஷ மௌனம். அமைதி நாள்ல இப்படி ஒரு நிமிஷம் இருக்க சொல்லி ஐநாவே கேட்டுக்குது. அந்த நாள 1981ல ஐநா அறிவிச்சது, செப்டம்பர் 21ன்னு தேதி நிலையானது 2001ல எடுத்த முடிவுலதான், அன்னிக்கு சண்டை நடக்கற எடத்துல எல்லாம் சுடறத நிறுத்துங்கன்னும் கேட்டாங்க. நியூயார்க் ஐநா வளாகத்துல ஜப்பான் 1954ல குடுத்த அமைதி மணி இருக்கு, பல நாட்டு மக்கள் சேத்துக் குடுத்த காசுகள உருக்கி வார்த்ததுன்னு சொன்னதும் பிள்ளைங்க எல்லாம் பையில காசத் தடவிப் பாத்துச்சுங்க. அந்த மௌனத்துக்கு யாரும் மைக்ல அதட்டல. என்ன பண்ணப் போறோம், ஏன் பண்றோம்னு மட்டும் சொன்னாங்க, அவ்வளவுதான், அத்தனை பிள்ளைங்களும் நின்னுச்சுங்க. எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுதுச்சு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எம்மக என் கையப் பிடிச்சிருந்தா. முடிஞ்சதும், "இது நல்ல அமைதி"ன்னா.

குழந்தைகள் உரிமை ஸ்டாலையும் பாத்துட்டு வாங்க. 1989ல வந்த ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கைய எளிமையா எழுதி ஒட்டியிருந்தாங்க. பிரிவு 12, பிள்ளைங்கள பாதிக்கற விஷயத்துல அவங்க கருத்தையும் கேக்கணும். பிரிவு 30, சிறுபான்மையா இருக்கற குழந்தைக்குத் தன் மொழியும் பண்பாடும் உரிமை. பிரிவு 31, வெளாடறதும் ஓய்வும் உரிமை, அதப் படிச்சுட்டு எம்மக என்னையே பாத்தா. பெரியவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடற தபால்பெட்டி ஒண்ணு இருந்துச்சு. அவ எழுதினத நான் பாக்கல, பாக்கக் கூடாதுன்னு கைய வச்சு மறைச்சுக்கிட்டா, ஆனா மேல "ஸ்டேஜ் மாமாவுக்கு"ன்னு இருந்தது மட்டும் தெரிஞ்சுது.

போறவங்களுக்கு சில விஷயம். ஆன்லைன்ல முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, நேர்ல க்யூ ஒரு மணி நேரம் ஆச்சு. காலைல கேட் தொறந்ததும் நேரா வெளாட்டு டேபிளுக்குப் போங்க, பதினொரு மணிக்கு மேல பாய்ல உக்கார எடம் கெடைக்காது. வீல்சேர் போற மாதிரி சாய்தளம் இருந்துச்சு, டாய்லெட் மொத நாள் சுத்தம், ரெண்டாவது நாள் மத்தியானத்துக்கு மேல சொல்லிக்கற மாதிரி இல்ல. அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா ஒரு நாள் போதும். தாத்தா பாட்டிய கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது அங்க பாதி இருக்கும், அத அவங்க கண்டுபிடிக்கறதப் பாக்கறதே தனி.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. திண்ணைல சாக்பீஸால குழி வரைஞ்சிருக்கா எம்மக. பன்னெண்டு போட்டா, அம்மாச்சி பதினாலுதான்னு ரெண்டு வட்டம் சேத்துட்டாங்க, அதுக்கு ஒரு நாள் பூரா வாக்குவாதம். கடைசில பதினாலு குழி, நாலு சேந்தா பசு, ஆனா எதிராளி பக்கம் காலியா போனா குடுத்துத்தான் ஆடணும்னு முடிவாயிருக்கு. நேத்து அம்மா பக்கம் காலியாச்சு. இவ கைல நாலு கொட்டைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சா, அப்பறம் ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போனா, கடைசி ஒண்ணு அம்மாச்சி குழில விழுந்துச்சு.